பதினொரு நிமிடம் முந்திய கடிகாரம்

மார்ச் 12, செவ்வாய்

இன்றைய தவறு: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். முப்பத்தைந்து இல்லை. இருபத்து நான்கு.

சின்னத் தவறுதான். ஆனாலும் எழுத வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர்களுக்கு நடத்தும் மாலை வகுப்பில் முதல் நாளே ஒரு தாள் கொடுத்தார்கள். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். தொடக்கத்தில் அன்று செய்த ஒரு தவறு, முடிவில் மறுநாள் செய்ய வேண்டிய ஒரு வேலை. இந்த மாநிலத்து நடைமுறைகள் தலையில் ஏறுவதற்காகவாம். வகுப்பில் நாங்கள் ஏழு பேர். பக்கத்து இருக்கைக்காரர் கடலோரக் காவல் பிரிவில் இருந்தவர், கடலே இல்லாத இந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்திருக்கிறார். எல்லோரும் அவரைப் படகு என்றுதான் கூப்பிடுகிறோம். தினமும் 'தவறு ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டு என் நோட்டை எட்டிப் பார்ப்பார். உன்னிடம்தான் நிறைய இருக்கிறதே, ஒன்றைக் கொடேன் என்பார்.

பஸ் விஷயம் வெளிப்பட்டது இப்படி. இன்று கணவருக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறியிருந்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை. போகிற வழியில் ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிட்டார். இறங்கும்போது அவர் கைக்கடிகாரத்தில் 7.38. உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் சுவர்க் கடிகாரத்தில் 7.51. வாசலிலிருந்து மேசைக்கு முப்பது அடி. நான் மெதுவாக நடப்பவள்தான், ஆனால் இவ்வளவு மெதுவாக இல்லை.

ரைட்டரிடம் கேட்டேன். ஸ்டேஷன் எழுத்து வேலை முழுவதும் அவர் பொறுப்பு. என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"அது பதினொரு நிமிஷம் ஃபாஸ்ட்டும்மா. பழைய இன்ஸ்பெக்டர் வெச்சுட்டுப் போனது. ஷிப்டுக்கு எவனும் நேரத்துக்கு வரலைன்னு."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே சார்."

"இதெல்லாமா சொல்லுவாங்க? எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்பதில் நான் இல்லை. வந்து ஏழு வாரம் ஆகிறது. பிறகு அவர் கொஞ்சம் யோசித்து, சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார். "அதான் தினமும் நாலு அடிக்கறதுக்குள்ள பையைத் தூக்கிட்டுக் கிளம்புறியா? ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருந்த ஜோடியாச்சேன்னு நாங்களும் கண்டுக்காம விட்டுட்டோம்."

ஒரு தடவை வெளியே வந்து போனைப் பார்த்தபோது நாலு ஆகியிருக்கவில்லை. ரைட்டர் தெரிந்தே முன்னால் அனுப்பியிருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பணி நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது மேசைக்காரர்களுக்கு விதி. கைக்கடிகாரம் வீடு மாற்றும்போது உடைந்துவிட்டது. ஆக ஏழு வாரமாக நான் பார்த்த ஒரே நேரம் சுவரில் இருந்ததுதான். என் பழைய துறையில் தினமும் காலை எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறை வயர்லெஸ்ஸில் நேரம் சொல்லும். மேசையில் இருப்பவர் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திவிட்டு, பதிவேட்டில் 'நேரம் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூன்று வருடம் அந்த வரியை எழுதியவள் நான். ஸ்டேஷன் கடிகாரம் தப்பாக இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றாது. என் கணக்குக்கும் ஸ்டேஷன் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் தப்பு என்னுடையது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

மாலை வகுப்பில் இன்று நிபந்தனை ஜாமீன் பாடம். கையெழுத்துப் போட வருபவர் மூன்று முறை தாமதித்தால் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வரியில் பேனா நின்றுவிட்டது. அப்படி ஓர் அறிக்கையை நான் அனுப்பியிருக்கிறேன், ஒரு பெயிண்டரைப் பற்றி.

நாளைய வேலை: கையெழுத்துப் பதிவேட்டில் பெயிண்டரின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

தவறு: "ஸ்டேஷன்ல ஸ்டேஷன் கடிகாரம்தான்" என்று ஒரு மனிதரிடம் சொன்னது.

அவர் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். தங்கையைக் கைநீட்டி அடித்த மைத்துனரை இவர் திருப்பி அடித்துவிட்டார். மைத்துனருக்கு மூன்று தையல், இவருக்கு வழக்கு. தினமும் காலை பத்து மணிக்குள் எங்கள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. எட்டரைக்கு வேலையைத் தொடங்கி, ஏணியைப் பாதியில் விட்டுவிட்டு சைக்கிளில் வந்து போவார். கையைத் துடைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுவார், ஆனாலும் கட்டைவிரல் பக்கத்தில் பதிந்துவிடும். பதிவேட்டைப் புரட்டினால் அந்தந்த வாரம் எந்த வீட்டுக்கு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். பிப்ரவரி கடைசி வாரம் பச்சை.

பச்சை விரல் பதிந்த வரிகள் மூன்றில் என் கையெழுத்தில் நேரம்: 10.04, 10.06, 10.02. பதினொன்றைக் கழித்தால் 9.53, 9.55, 9.51. மூன்றும் நேரத்துக்குள்.

என் விடுமுறை நாட்களில் ரைட்டர் எழுதிய வரிகளையும் பார்த்தேன். எல்லா நாளும் 9.45. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. அவருடைய பொய் யாரையும் எதுவும் செய்யவில்லை. என்னுடைய உண்மை ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறது.

முதல் தடவை அவர் போனை எடுத்துக் காட்டினார். "மேடம், இதுல இன்னும் பத்து ஆகலையே" என்றார். அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். சுவரைக் காட்டி வேறு சொன்னேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு மார்ச் 4-ல் அறிக்கை எழுதினேன். புதுத் துறையில் என் முதல் அறிக்கை. இரண்டு முறை வரைவு எழுதிப் பார்த்துவிட்டு நல்ல காகிதத்தில் எழுதியதும், இன்ஸ்பெக்டர் மேடம் படித்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்றதும் இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஜாமீனை ரத்து செய்வது பற்றிய விசாரணை 19-ஆம் தேதி.

மத்தியானம் மேடத்தின் அறைக்குப் போனேன். மேசையில் ஃபைல்களுக்கு நடுவே கழுத்து வலிக்கான பட்டையைக் கழற்றி வைத்திருந்தார். நான் சொல்வதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, மேசையில் உட்கார்ந்து இதுவரை எத்தனை வரி எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். எண்ணி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும் என்றார்.

"நீ இப்ப தப்புன்னு எழுதிக் கொடுத்தா, மூணு வரி தப்பாகாது. நானூத்திப் பன்னெண்டும் தப்பாகும். கீழ என் கையெழுத்து இருக்கு. அப்புறம் கடிகாரம் ஏன் ஃபாஸ்ட்னு கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது? எங்க ஆளுங்க சோம்பேறிங்கன்னா?"

அவரே தொடர்ந்தார். 20-ஆம் தேதி என் தகுதிகாண் அறிக்கை போகிறது. அதில் சேவையில் குறை எதுவும் இல்லை என்று அவர் எழுதினால் நான் இந்தத் துறையில் நிரந்தரம். குறை என்று ஒரு வார்த்தை விழுந்தால் பழைய மாநிலத்துக்கே, பழைய துறைக்கே திருப்பி அனுப்புவார்கள். அடுத்த மூன்று வருடத்துக்கு மாற்றல் கேட்க முடியாது.

"இருபத்தொண்ணாம் தேதி எழுதிக் கொடு. நானே முன்னால நின்னு அனுப்புறேன்."

"விசாரணை பத்தொன்பது மேடம்."

"தெரியும். ஒரு வாரம், பத்து நாள் உள்ள இருப்பான். வந்துடுவான்."

மோசமான மனிதரில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

நாளைய வேலை: கடிகாரம் அந்த மூன்று நாட்களிலும் பதினொரு நிமிடம் முந்தித்தான் இருந்தது என்பதற்கு ஆதாரம் தேட வேண்டும். ஒருவேளை அன்றைக்குச் சரியாக இருந்து, இடையில் கெட்டிருந்தால் நான் வீணாகப் பயப்படுகிறேன். அப்படி இருந்தால் நல்லது.

மார்ச் 14, வியாழன்

தவறு: வீணாகப் பயப்படுகிறேன் என்று ஆசைப்பட்டது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திக்கும் அங்கே ஒரு நேரம் பதிவாகும், இங்கே நானும் ஒரு நேரம் எழுதுவேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் பத்தொன்பது செய்திகள். அவர்கள் பட்டியலைப் போனில் கேட்டு வாங்கி, கோடு போட்ட தாளில் எதிரெதிரே எழுதினேன். பதினேழில் சரியாகப் பதினொரு நிமிடம். இரண்டில் மட்டும் பன்னிரண்டு. அது நான் பேனா தேடிய நேரமாக இருக்கும்.

வகுப்பில் படகிடம் மேலோட்டமாகக் கேட்டேன், யாருக்கு என்று சொல்லவில்லை. அவர்கள் பிரிவில் கரையில் ஒரு நேரம், படகில் ஒரு நேரம், அதிகாரி வந்தால் மூன்றாவதாக ஒரு நேரம் இருக்குமாம். பிறகு என் நோட்டைத் தொட்டுக் காட்டினார். "நீ இதை நோட்டுல எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். "அப்ப போச்சு. எழுதின பிறகு உன்னால தூங்க முடியாது. நான் ஏன் எழுதறதில்லைன்னு இப்ப புரியுதா?"

வீட்டுக்கு வந்தபோது கணவர் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அதில் இரண்டு வருடம் இரண்டு மாநிலத்தில் இருந்தோம். மாதம் ஒருமுறை, பதினாறு மணி நேர ரயில், ஒன்றரை நாள் சேர்ந்து இருப்பது, மறுபடி ரயில். அந்த ஒன்றரை நாளில் அரை நாள் நான் தூங்கியே கழிப்பேன் என்று இன்றும் சொல்லிக் காட்டுவார். இந்த மாற்றலுக்காக என் மூன்று வருட சீனியாரிட்டியை விட்டுக் கொடுத்தேன். புது எண், வரிசையில் கடைசி இடம். அவர் இந்த வீட்டைப் பிடித்து, குளியலறையில் இரண்டாவது கொக்கி அடித்தார். என் துண்டுக்கு. அந்தக் கொக்கி கோணலாக இருக்கிறது. திருத்த வேண்டும் என்று தினமும் நினைக்கிறோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"எங்கிட்ட கேக்காத. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன். நாளைக்கு அந்த ஆள் உள்ள போனா, இவர் சொன்னார்னு அதை எம்மேல வைப்ப. எழுதிட்டு நீ திரும்பிப் போனா, நான் தடுக்கலைன்னு அதையும் எம்மேல வைப்ப."

நியாயமாகத்தான் பட்டது. கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டோம். பாத்திரம் அவர் கழுவினார்.

நாளைய வேலை: தெரியவில்லை.

மார்ச் 16, சனி

நேற்று எழுதவில்லை. அதுவே தவறு.

நேற்று முழுவதும் மேசையில் உட்கார்ந்து மனதுக்குள் பதினொன்றைக் கழித்துக் கழித்து எழுதினேன். எல்லோரும் செய்வதுபோல. ஒரே நாளில் பழகிவிட்டது. இனிமேல் சரியாக எழுதுகிறேனே, பழையதை எதற்குக் கிளற வேண்டும் என்றும் தோன்றியது.

இன்று பெயிண்டர் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார். இப்போது எந்த வீட்டிலோ மஞ்சள் அடிக்கிறார். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு சோப்பு என்று அவரே ரைட்டரிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை எப்படியும் உள்ளே போட்டுவிடுவார்கள், கடைசி நேரத்தில் தேட வேண்டாம் என்று இப்போதே கூட வைத்துக்கொண்டு திரிகிறாராம். "ஹனிமூனுக்குக்கூட இவ்வளவு முன்னாடி பையைக் கட்டலை சார்" என்றார். ரைட்டர் சிரித்தார். நான் பதிவேட்டைத் திருப்பி வைத்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரியா இருக்கு மேடம். நீங்க கோர்ட்டுக்கு எழுதின பிறகு எம்பொண்ணுகிட்ட கொடுத்து, போனை ஸ்டேஷன் டைமுக்கு மாத்திட்டேன். தப்பு எம்மேலதான். சீப்பான போன்."

அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "ஆனா ஒண்ணு மேடம், இப்ப எங்க போனாலும் நான்தான் முதல் ஆள். கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நிக்கறேன்."

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கதவு வரை எழுந்து போனேன், அதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது. திரும்பவில்லை என்றாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. உட்கார்ந்து அவர் வரியில் நேரம் எழுத வேண்டியிருந்தது. 9.15 என்று சுவர் சொன்னது, 9.04 என்று எழுதினேன். நான்கு ஒன்பது மாதிரி விழுந்துவிட்டது. அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

எனக்கும் ஸ்டேஷனுக்கும் வித்தியாசம் வந்தால் தப்பு என்னுடையது என்று நினைப்பவள் நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நாளைய வேலை: விடுமுறை. விளக்கக் கடிதத்தின் வரைவு.

மார்ச் 18, திங்கள்

தவறு: கடிதத்தில் 'எனது கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தேன். ஞாயிறு முழுவதும் அந்த வார்த்தை சரியாகத்தான் பட்டது. இன்று காலை பஸ்ஸில் படித்தபோது அது உண்மையில்லை என்று தெரிந்தது. நான் கவனமாகத்தான் இருந்தேன். கவனமாக ஒரு தப்பான கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் வரிசையாக எழுதினேன்: கடிகாரம் பதினொரு நிமிடம் முந்தியிருந்தது, எனக்குத் தெரியாது, மூன்று நாட்களிலும் அவர் பத்து மணிக்கு முன் வந்துவிட்டார், ஆதாரமாகக் கட்டுப்பாட்டு அறையின் பத்தொன்பது நேரங்கள் இணைப்பில்.

எட்டரைக்கு மேடத்தின் மேசையில் வைத்தேன். படிக்க ஆரம்பித்தார், ஒரு போன் வந்தது, பேசி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். இணைப்பில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கழித்துப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, மறந்திருப்பார்.

"இருபத்தொண்ணுன்னு சொன்னேன்ல."

"ஆமா மேடம்."

"வீட்டுல என்ன சொன்னார்?"

"எதுவும் சொல்லலை. வெள்ளிக்கிழமை ரயில்ல எந்த வகுப்புல இடம் இருக்குன்னு பார்த்து வெச்சிருக்கார். அனுப்பிட்டா ஆகும்னு."

அது நேற்று நடந்தது. நான் வரைவு எழுதிக்கொண்டிருந்தபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் போனை என் முன்னால் வைத்தார். மேல் படுக்கை இரண்டு காலியாக இருந்தது. "ரெண்டா?" என்றேன். "கொண்டுபோய் விட ஒருத்தன் வேணாமா?" என்றார். பிறகு குளியலறைக்குப் போய்க் கொக்கியைக் கழற்றி நேராக அடித்தார். ஒருவேளை நான் போய்விட்டால் கோணலாக இருக்கிறதே என்று தினமும் பார்க்க வேண்டாம் என்றோ, நான் இருப்பேன் என்றோ. கேட்கவில்லை.

மேடம் பேனாவை மூடி வைத்தார். கடிதத்தில் 'பார்வையிட்டேன்' என்று எழுதி, கையெழுத்தும் நேரமும் போட்டார். நேரம் போடுவதற்கு முன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"புதன்கிழமை அறிக்கையில உன்னைப் பத்தி நல்லதாவும் எழுத மாட்டேன், கெட்டதாவும் எழுத மாட்டேன். நடந்ததை எழுதுவேன். மேல அவங்க என்ன படிக்கறாங்களோ, அது அவங்க பாடு."

சரி மேடம் என்றேன். நாளை அசல் பதிவேட்டை நானே கோர்ட்டுக்கு எடுத்துப் போக அனுமதியும் எழுதிக் கொடுத்தார். கதவருகே போனபோது, அரசு வக்கீல் சத்தம் போடுவார், அழாதே என்றார். அழ மாட்டேன் என்றேன். எனக்கு நிச்சயமில்லை.

பெயிண்டர் இன்றும் ஒன்பதேகாலுக்கு வந்தார். அவரிடம் சொன்னேன். கடிகாரம்தான் தப்பு, உங்கள் போன் சரி, நாளை கோர்ட்டில் நானும் சொல்வேன் என்றேன். நன்றி சொல்வார் என்றோ கத்துவார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதைப் பழையபடி மாத்தணுமா?" என்று மட்டும் கேட்டார். நாளை முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. என்னை நம்பாததற்கு நான் அவரைக் குறை சொல்ல முடியாது.

பதினொரு மணிக்கு ரைட்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றித் தூசி தட்டி முள்ளைப் பின்னால் திருப்பினார். மேடத்தின் உத்தரவு. இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நாளையில இருந்து மத்தியான ஷிப்டுக்கு எவன் நேரத்துக்கு வர்றான்னு பாப்போம். வரலைன்னா நீதான் உட்கார்ந்திருக்கணும், சொல்லிட்டேன்."

உட்கார்ந்திருக்கிறேன் சார் என்றேன். பதிவேட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் 'நேரம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இது எதுக்கு என்று கேட்டார். எங்கள் பழைய ஸ்டேஷனில் வழக்கம் என்றேன். வாசித்துவிட்டு, எழுது எழுது, காகிதம்தானே என்று போய்விட்டார்.

மாலை மூன்று ஐம்பதுக்கு எனக்குக் கால் தானாக எழுந்துகொண்டது. மறுபடி உட்கார்ந்தேன். ஏழு வாரத்தில் முதல்முறையாக நான்கு மணி வரை இருந்தேன். அடுத்த ஷிப்ட் ஆள் நான்கு பன்னிரண்டுக்கு வந்தார்.

நாளைய வேலை: காலை 9.30-க்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும். கையெழுத்துப் பதிவேடு, கடிதத்தின் நகல் இரண்டு, பத்தொன்பது நேரங்களின் பட்டியல், அனுமதிச் சீட்டு. கோர்ட், ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி. முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிவேட்டைக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். 7.20 பஸ். பயணம் இருபத்து நான்கு நிமிடம்.